முற்றத்துத் தாழ்வாரக் கூரை: மரமா, இரும்புக் குழாயா?

கோட்டையூரான்:
கோட்டையூரில் 40க்கு 60 மனை. நடுவில் 12க்கு 12 முற்றம், அதைச் சுற்றி 6 அடித் தாழ்வாரம். உள்பக்கம் சரியும் மங்களூர் ஓட்டுக்கூரை. மற்ற அறைகளுக்கெல்லாம் கான்கிரீட் தளம்தான். தாழ்வாரத்துக்கு ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போதும், மரம் என்றால் கரையானும் தீயும் காடழிப்பும் என்கிறார் இன்ஜினியர். வீட்டுப் பெரியவர்கள் மரம்தான் என்று நிற்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியைப் பிரிக்கிறார்கள், அதன் உத்திரமும் (தூண் மேல் படுக்கும் கனத்த மரம்) கைமரமும் (சரிவில் ஓடும் சட்டம்) விலைக்கு வருகின்றன. வாங்கலாமா? எவ்வளவு மரம் பிடிக்கும்?

தச்சுக்கணக்கு:
முதலில் அளவு. சரிவு 30 டிகிரி, முற்றத்துக்குள் ஒன்றரை அடி இறவாரம் (கூரை விளிம்பு) நீட்டுவதாக வைத்துக்கொள்கிறேன். கூரையின் சரிந்த பரப்பு சுமார் 570 சதுர அடி வரும்.

கைமரம் 4க்கு 2 அங்குலம், ஒன்றரை அடிக்கு ஒன்று: மொத்த நீளம் 380 அடி, 21 கன அடி. நான்கு மூலைக்கும் 6க்கு 3 மூலைக் கைமரம், ஒவ்வொன்றும் பதினொன்றரை அடி: 6 கன அடிக்குச் சற்றுக் குறைவு. தூண் மேல் உட்காரும் உத்திரம் 7க்கு 5, 48 அடி: 12 கன அடி. சுவர் மேல் படுக்கும் கட்டை 4க்கு 3, 96 அடி: 8 கன அடி. கைமரத்தின் மேல் குறுக்கே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் 2க்கு 1, ஓட்டுக்கு ஏற்ப பன்னிரண்டரை அங்குல இடைவெளியில் 550 அடி: ஏழரை கன அடி. கூட்டினால் 54, சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 60 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு ஏறத்தாழ 800, உடைசலுக்கு ஐம்பது கூடுதல்.

ரீப்பர் இடைவெளியை ஓடு வந்து இறங்கிய பிறகு, நான்கு ஓட்டைத் தரையில் கோத்து அளந்துதான் அடிக்க வேண்டும். சூளைக்குச் சூளை கால் அங்குலம் மாறும். பத்து வரிசையில் அது இரண்டரை அங்குலம்.

உருட்டுக்கட்டையாக வாங்கி அறுக்கப் போகிறீர்கள் என்றால் கடைக்காரர் போடும் கணக்கு வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டை இந்தக் கணக்கில் 10 கன அடி. உருளையாக அளந்தால் 12.7. அந்த வித்தியாசம் உங்களுக்கு லாபம் என்று நினைக்காதீர்கள், பட்டையும் சிராயும் அதில்தான் போகும்.

கட்டமைப்பு_காரைக்குடி:
தச்சுக்கணக்கு சொன்ன 7க்கு 5 உத்திரம் 12 அடி தூண் இடைவெளிக்குச் சரி. ஆனால் ஏன் சரி என்பது முக்கியம். முறிவு இங்கே பிரச்சினையே இல்லை. ஓடு, ரீப்பர், மேலே ஏறும் ஆள் என எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 13 கிலோ வைத்தாலும், உத்திரத்தில் விழும் வளைவுத் தகைவு நல்ல தேக்கு தாங்கக்கூடியதில் பாதிகூட வராது. பிரச்சினை தொய்வு. 7 அங்குலம் நிமிர்ந்து நிற்க வைத்தால் தொய்வு 8 மில்லிமீட்டர். அதையே 5க்கு 5 ஆக்கிச் சிக்கனம் செய்தால் 2 சென்டிமீட்டரைத் தாண்டும். போகப்போக இன்னும் இறங்கும், ஓட்டு வரிசை பிளந்து ஒழுகும்.

பலர் 7 அங்குலத்தைப் படுக்கப் போட்டு 5 அங்குலத்தை உயரமாக்குகிறார்கள், பார்வைக்கு அகலமாக இருக்கிறதாம். மரமும் அதே, காசும் அதே, விறைப்பு மட்டும் பாதி. நடுவில் இன்னொரு தூண் கொடுத்து 6 அடியாக்கினால் 5க்கு 4 போதும். பழைய வளவுகளில் (முற்றம் வைத்த வீட்டுக் கட்டுகளில்) தூண்கள் நெருக்கமாக நிற்பது வெறும் அழகுக்கு இல்லை.

கோட்டையூரான்:
நன்றி சார். தீயைப் பற்றிச் சொல்லுங்கள். இன்ஜினியர் முக்கியமாக அதைத்தான் காட்டுகிறார்.

கட்டமைப்பு_காரைக்குடி:
அவர் சொல்வதில் பாதி சரி. கனத்த மரம் மேலே கரியாகிக் கரியாகித்தான் உள்ளே போகும். தேக்கு மாதிரி அடர்ந்த மரத்தில் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் வேகம். அரை மணி நேரத் தீயில் 7க்கு 5 உத்திரம் இரு பக்கமும் அடியும் 16 மில்லிமீட்டர் இழந்து, பழைய வலுவில் 60 சதவீதத்தோடு நிற்கும். ஓட்டைத் தாங்க அது போதும். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் குழாய்க்கு மேல்பூச்சு எதுவும் இல்லாவிட்டால், 550 டிகிரியைத் தொட்டதும் பாதி வலு போய்விடும். வீட்டுத் தீயில் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும்.

மறுபாதி இது. 4க்கு 2 கைமரம் அதே அரை மணியில் 18 மில்லிமீட்டர் அகலமுள்ள கரிக்குச்சியாகிவிடும். ஒரு அங்குல ரீப்பர் அதற்கு முன்பே போய்விடும். அதாவது உத்திரம் நிற்கும், ஓடு தலையில் விழும். அதனால் தீ விஷயத்தில் நான் பார்ப்பது உத்திரத்தை அல்ல, கைமரத்தை. 5க்கு 3 ஆக்கி இரண்டடிக்கு ஒன்றாகப் போடுங்கள். மரம் கூடுவது எட்டரை கன அடி, தீயில் கிடைக்கும் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல். இரண்டடி இடைவெளிக்கு ரீப்பரையும் ஒன்றரை அங்குல உயரமாக்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்வேலை_குன்றக்குடி:
தீ எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கணும் அண்ணே. பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயர்தான் முதல் ஆபத்து. உறை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கும், மேலே பாலிஷ் போட்டு மறைத்திருப்பார்கள். புதுசாகச் செய்யும்போது: ஓட்டுக்குக் கீழே போகும் வயர் எல்லாம் பிவிசி குழாய்க்குள். இணைப்புப் பெட்டி எதையும் மரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் மறைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியும் சுவரில் வையுங்கள். விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), மொத்தத்துக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்). உத்திரத்தில் ஸ்பாட் லைட்டைப் பதிக்கக் குடைவது இப்போது பேஷன். தொய்வு வராத அளவுக்குக் கணக்குப் போட்ட மரத்தின் அடியிலேயே குடைகிறார்கள்.

வளவு_ஆச்சி:
அடுப்படியைக் கடைசிக் கட்டில் தள்ளி வைத்ததற்குக் காரணம் புகை மட்டுமில்லை. புது வீட்டில் சமையலறையை முற்றத்துத் தாழ்வாரத்தோடு திறந்து வைக்கும் பிளான்தான் நிறைய வருகிறது. இடையில் சுவரும், தளம் தொடும் கதவும் இருக்கட்டும். சாமி வீட்டு விளக்குக்கு நேர் மேலே மரம் வரக்கூடாது, வந்தால் இரண்டடி உயரத்தில் ஒரு பித்தளைத் தட்டுத் தொங்கவிடுங்கள்.

கோட்டையூரான்:
சரிங்க ஆச்சி. பழைய மரம் வாங்கலாமா என்ற கேள்விக்கு யாராவது...

ஆசாரிப்பட்டறை:
வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்கணும். பார்க்கும் முறை சொல்றேன்.

உத்திரத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனையைப் பாருங்கள். கெட்டது அங்கேதான் தொடங்கும், ஏனென்றால் குறுக்கே அறுத்த தலைப்பக்கம் தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி மரத்தின் வேறு எந்தப் பக்கமும் உறிஞ்சாது. சுத்தியலால் முனையிலிருந்து நடு வரை தட்டிக்கொண்டே வாங்க. கணீர் என்ற சத்தம் பொத்தென்று மாறும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்தில் குத்தூசியைக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஊசி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது, இழுத்தால் நார் நீளமாகச் சிலும்பும். கெட்ட மரம் சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கும். கோட்டுக்கு உள்பக்கம் இன்னும் ஓரடி விட்டு வெட்டினால் மிச்சம் எவ்வளவு நீளம் தேறும், அதற்குத்தான் விலை பேசணும். 14 அடி உத்திரத்தில் 11 அடி தேறினால் 11 அடிக்குக் காசு.

அடுத்தது ஆணி. பழைய கைமரத்தில் ஓரடிக்கு ஒரு ரீப்பர் ஆணி உடைந்து உள்ளே நிற்கும். அறுப்பு மில்லில் பிளேடு போனால் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்றை ஓட்டிவிட்டுத்தான் எங்கள் பட்டறையில் ஏற்றுவோம்.

மூன்றாவது, மாவு. மரத்தில் குண்டூசித் துளையும் கீழே மஞ்சள் மாவும் இருந்தால் உளுத்துக் கொண்டிருக்கிறது. துளை பழசா புதுசா என்று தெரிய, மாவைத் துடைத்துவிட்டுக் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். திரும்ப மாவு கொட்டினால் வேண்டாம். தேக்கில் பெரும்பாலும் வெளியில் இருக்கும் வெள்ளையைத்தான் பூச்சி தின்னும், உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தைத் தொடாது. வெள்ளையைச் சீவி எறிந்தால் மிச்சம் நல்ல மரம்.

புது மரத்தை விட இதில் பெரிய வசதி: காய வைக்க வேண்டாம். புதிதாக அறுத்த இரண்டங்குலப் பலகையை நிழலில், இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து அடுக்கி, தலைப்பக்கம் பெயிண்ட் அடித்துவிட்டு ஆறு மாதமாவது காத்திருக்கணும். கூரைச் சட்டத்துக்கு 15 சதவீத ஈரம், கதவுக்கு 12. முள் குத்தி ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொல்லும் 'நல்லாக் காஞ்ச மரம்' எல்லாம் தோலில் காய்ந்தது. பத்தங்குலப் பலகை 25 சதவீத ஈரத்தில் கதவில் ஏறினால், சித்திரை வெயில் முடிவதற்குள் ஐந்து ஆறு மில்லிமீட்டர் சுருங்கி, தாள் விழாது.

மரக்கடை_தேவகோட்டை:
ஆசாரி சொன்னதோடு இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் வரும் பழைய தூண், நிலை, கதவு எல்லாம் அழகுப் பொருள் விலையில் போகிறது. செதுக்கல் இல்லாத உத்திரம், கைமரத்துக்கு அந்த விலை கிடையாது. வீடு பிரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள். ஆனால் விற்பவர் ஒரே பங்காளி சார்பில் பேசுகிறாரா, எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். லாரி ஏற்றிய பிறகு ஒருவர் வந்து மறிப்பது இந்தப் பக்கம் புதிதில்லை. ரசீதில் 'பழைய கட்டடத்துத் தேக்கு' என்று கன அடியோடு எழுதி வாங்குங்கள், வழியில் தேக்கு என்றால் கேட்பார்கள்.

'பர்மா தேக்கு' என்று புதிதாக யாராவது விற்றால் கவனம். மியான்மர் 2014 ஏப்ரலோடு உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது துறைமுகங்களில் இறங்குவதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் தோட்டமாக வளர்த்தது. மோசமான மரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருபது வருஷத்துக் கட்டையில் வெள்ளை அதிகம். 4க்கு 2 சட்டத்தில் ஒரு மூலையில் வெள்ளை இருந்தால் பரவாயில்லை, பாதிக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பனங்கை:
எல்லாரும் தேக்கையே பேசுகிறீர்கள். வைரம் பாய்ந்த பனங்கைதானே (பனைமரச் சட்டம்) இந்த மண்ணுக்கு?

மரக்கடை_தேவகோட்டை:
தம்பி, பனை இந்த மாநிலத்தின் மரம். அதை வெட்டவே இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும். பழைய வீட்டில் பிரித்த பனங்கை கிடைத்தால் தாராளமாக. கறுப்பு நார் நெருக்கமாக இருக்கும் வெளிச்சுற்றுத்தான் பலம். மெத்தென்ற உள் சோறு ஒட்டிக்கொண்டிருந்தால் சீவிவிடுங்கள், கரையான் முதலில் அங்கேதான் வரும்.

சீமைக்கருவேலம்:
சிவகங்கை, ராமநாதபுரம் முழுக்க நிற்கும் சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டே தீர்க்கிறோம். கனமான மரம், சுருக்கம் தேக்கை விடக் குறைவு. நேராக ஆறடி கிடைக்காது என்பதால் கூரைக்கு ஆகாது. ஆனால் ஒன்றரை அடி, இரண்டடித் துண்டு போதுமான இடங்களுக்கு, அதாவது படிக்கட்டுப் பலகை, கைப்பிடி, ஜன்னல் குறுக்குச் சட்டம் இவற்றுக்குத் தேக்கு எதற்கு? வெள்ளையை நீக்கிவிட்டு, அறுத்த அன்றே போராக்ஸ் கரைசலில் போட்டால் மாவுப்பூச்சி வராது.

கோட்டையூரான்:
அந்தக் கரைசல் அளவு சொல்ல முடியுமா?

ஆசாரிப்பட்டறை:
100 லிட்டர் தண்ணீருக்கு போராக்ஸ் 6 கிலோ, போரிக் ஆசிட் 4 கிலோ. வெந்நீரில் கரைத்தால்தான் முழுசாகக் கரையும். பச்சை மரமாக இருக்கும்போதே இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு தார்ப்பாயில் சுற்றி இரண்டு வாரம் வையுங்கள், உள்ளே மெதுவாக இறங்கும். காய்ந்த மரத்தில் பிரஷ் அடித்தால் மேல்தோலோடு சரி. தேக்கு வைரம் இதை உறிஞ்சவே உறிஞ்சாது, அதற்குத் தேவையும் இல்லை. முக்கியமாக, மழை படும் இடத்துக்கு இது வேண்டாம், கரைந்து ஓடிவிடும். இறவார முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

சுண்ணாம்புக்காரர்:
கரையானுக்கு மரத்தில் மருந்தடிப்பதே கடைசி வேலை. அது மண்ணிலிருந்து வருகிறது. அடித்தளக் குழி தோண்டியதும், கான்கிரீட் போடும் முன் மருந்து போட வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 இசி என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அடித்தளச் சுவரோரம் மண் நிரப்பும்போது சதுர மீட்டருக்கு ஏழரை. இமிடாகுளோபிரிட் 30.5 போட்டால் லிட்டருக்கு 2.1 மில்லி. மனையில் கிணறு இருந்தால் அந்தப் பக்கம் மருந்தே வேண்டாம், கல் தடுப்பை நம்புங்கள்.

கல் தடுப்பு என்றால்: தூண் ஒவ்வொன்றும் தரைக்கு மேல் ஓரடி உயரக் கல்பாதத்தில் நிற்கட்டும். கரையான் கல் மேலும் ஏறும், ஆனால் மண்புற்று கட்டித்தான் ஏறணும், காலையில் பெருக்குகிறவர் கண்ணில் பட்டுவிடும். அதுதான் கல்பாதத்தின் பலன். நிலைக்கால்களைத் தரைக்குள் புதைத்து ஆத்தங்குடித் தரை ஓடுகளை அதைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். கரையான் யார் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே ஏற இதை விட நல்ல வழி கிடையாது. கீழே கல் படி போட்டு, அதன் மேல் நிலையை உட்கார வையுங்கள்.

இப்போது என் பெரிய புகார். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி, அதற்கு மேல் எமல்ஷன் அடிக்கிறார்கள். மழையில் மேலே எங்கோ இறங்கின தண்ணீர் வெளியே மூச்சு விட வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நிற்கும். பக்கத்தில் இருக்கும் ஈரமில்லாத ஒரே இடம் உத்திர முனை, அது குடித்துக்கொள்ளும். மரம் 20 சதவீத ஈரத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நூறு வருஷம் நின்ற உத்திரம் 'புதுப்பித்த' பத்து வருஷத்தில் போவது இப்படித்தான். புதுச் சுவரிலும் முனையைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். அடியில் ஒரு கருங்கல் பலகை, அதில் ஆறங்குலம் உட்காரட்டும், இரு பக்கமும் மேலும் தலையிலும் முக்கால் அங்குலம் காற்று இடைவெளி.

பச்சைக்கணக்கு:
பாதுகாப்பு சரி, காடழிப்புப் பேச்சுக்கு வருவோம். ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ. ஈரம் கழித்தால் 580, அதில் பாதி கார்பன். கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல், கன அடிக்கு 30 கிலோ. ஒரு மூட்டை சிமெண்ட் தயாரிக்க வெளியாகும் அளவும் கிட்டத்தட்ட அதே 30, 40 கிலோதான். அப்படியானால் கோட்டையூராரின் 60 கன அடி 1.8 டன்னைப் பிடித்து வைக்கிறது. மரம்தானே பசுமை?

கட்டமைப்பு_காரைக்குடி:
பிடித்து வைத்தது கூரை அல்ல, காடு. வெட்டின இடத்தில் அதே அளவு மறுபடி வளர்ந்தால்தான் உங்கள் 1.8 டன் கணக்கில் ஏறும். இங்கே ரங்கூன் வழியாக வந்து இறங்கியது தானாக நூறாண்டு வளர்ந்த காட்டு மரம், அதன் இடத்தில் அப்படி ஒன்று திரும்ப நிற்கவில்லை. செட்டிநாட்டு வீட்டைக் காட்டி மரம் நிலைத்த பொருள் என்று சொல்லலாம். நிலைத்த காடு என்று சொல்ல முடியாது.

பச்சைக்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரித்த மரத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அது எப்போதோ வெட்டப்பட்டது. நீங்கள் வாங்காவிட்டால் நல்ல துண்டுகள் வெளியூர் ஓட்டல் அலங்காரத்துக்கும், மிச்சம் செங்கல் சூளைக்கும் போகும். சூளைக்குப் போனால் அந்த 30 கிலோ ஒரே நாளில் ஆகாயத்தில்.

கட்டமைப்பு_காரைக்குடி:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. என் வரிசை: பிரித்த மரம், அது தேறாத அளவுக்கு தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரைத் தோட்டத் தேக்கு, அதுவும் கிடைக்காவிட்டால் குழாய். கப்பலில் வரும் தேக்கு கடைசி. இன்னொன்று, எல்லாப் பழைய வீட்டையும் பிரித்தால்தான் மரம் கிடைக்கும் என்ற சந்தையை நாமே வளர்த்துவிடக் கூடாது. நிற்கக்கூடிய வீட்டில் உத்திர முனை மட்டும் கெட்டிருந்தால், ஜாக்கி முட்டுக் கொடுத்து, கெட்டதை வெட்டி, அதே மரத்தில் புதுத் துண்டு சேர்த்து, இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடும் 12 மில்லிமீட்டர் போல்ட்டும் போட்டால் போதும். தகடு இணைப்புக்கு இரு பக்கமும் இரண்டடியாவது ஓட வேண்டும்.

கோட்டையூரான்:
அந்த வீடு ஏற்கெனவே கூரை இறங்கிவிட்டது சார், சுவர் மட்டும்தான் நிற்கிறது. நாளை ஆசாரியோடு போய்த் தட்டிப் பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: நான்கு மூலையிலும் இரண்டு சரிவு சேரும் பள்ளத்தில் என்ன தகடு?

தச்சுக்கணக்கு:
ஒழுகுவது எப்போதும் அங்கேதான், அதனால் அதில் காசு பார்க்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு உங்கள் முற்றத்துக்குள் 530 லிட்டர் இறங்கும். பள்ளத் தகடு குறைந்தது 18 அங்குல அகலம், 0.9 மில்லிமீட்டர் அலுமினியம். அடியில் ரீப்பர் இடைவெளி விடாமல் பலகை அடைத்து, அதன் மேல் தகட்டை விரியுங்கள். இரு ஓரத்தையும் முக்கால் அங்குலம் மேலே மடித்துவிட்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறாது. தண்ணீர் ஓடும் நடுவில் ஆணியே கூடாது, ஓரத்தில் மட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ். செம்பு ஆணியோ செம்புத் தகடோ அலுமினியத்தைத் தொடக் கூடாது, ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து ஓட்டையாகும். ஓட்டை நறுக்கிப் பள்ளத்தின் மேல் இரு பக்கமும் நான்கங்குலம் ஏற விடுங்கள். சிலர் அந்த விளிம்பைச் சிமெண்டால் பூசி அழகு செய்வார்கள், விடாதீர்கள். வேப்பிலைச் சருகு அடைத்துக்கொள்ளும், ஐப்பசிக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை கை விட்டு வாரியெடுக்க இடம் வேண்டும்.